டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டார்ட் ஆகாதபோது

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று உடனே அதைக் கழற்ற இறங்குபவர்கள் உண்டு. அதற்கு முன் அளந்து பார்க்கலாம். எதைக் கொண்டு அளப்பது? டெஸ்ட் லேம்ப்பா (வயர் மாட்டிய சின்ன 12 வோல்ட் பல்பு), மல்டிமீட்டரா? என் ஓட்டு மல்டிமீட்டருக்கு. ஆனால் பலர் அதைப் பயன்படுத்தும் விதத்தில் அல்ல.

மீட்டரை ஓம்ஸில் வைத்து, பேட்டரி கேபிளின் இரு முனையிலும் தொட்டு, "பீப்" கேட்டதும் "கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வதுதான் பெரிய ஏமாற்று. உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். சாதாரண மீட்டருக்கு அந்த 0.01 ஓம் கண்ணுக்கே தெரியாது.

அதனால் வோல்ட் ட்ராப், அதாவது கரன்ட் ஓடும்போது வழியில் தொலையும் வோல்ட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் ஓடிவிடாதபடி இக்னிஷனைத் துண்டித்துக்கொள்ளுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில். ஒரு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தின் தலையில் (கிளாம்ப்பில் அல்ல, கம்பத்தில்), மறுமுனை செல்ஃப் மோட்டாரின் கனமான டெர்மினலில். ஒருவர் கிராங்க் செய்யட்டும், அதாவது சாவியைத் திருப்பி செல்ஃப் மோட்டாரைச் சுற்றவைக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் கோளாறு. அடுத்து மைனஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டார் உடம்புக்கும் நடுவே, இங்கே 0.2 தாண்டினாலே எர்த்தை (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதையை) சந்தேகிக்கலாம். கிராங்க் செய்யும்போது சோக் கேபிள் சூடானால் மீட்டரே வேண்டாம்: எஞ்சின் எர்த் பட்டை அறுந்து, கரன்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி: ஓய்வில் 12.6 வோல்ட், கிராங்க்கில் 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது.

டெஸ்ட் லேம்ப் ஜெயிக்கும் இடம் ஃபியூஸ் பாக்ஸ். பச்சை பூத்த கனெக்டரில்கூட மீட்டர் கம்பீரமாக 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரன்ட் இழுப்பதே இல்லை. பல்பு இழுக்கும், அதனால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வசதி, பல்புக்குப் பிளஸ் மைனஸ் கவலை கிடையாது. 1967 வரை வந்த எம்ஜிபி கார்களில் பிளஸ்தான் எர்த். பழக்கத்தில் கறுப்பு முனையை பாடியில் வைத்தால் மீட்டர் மைனஸில் காட்டும், பலர் குழம்புவார்கள். அதே காரில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். இரண்டையும் இணைக்கும் கேபிளை மறந்துவிடாதீர்கள்.

லோட்டஸ் எலான் போன்ற ஃபைபர்கிளாஸ் பாடி கார்களில் இரண்டு கருவியுமே பொய் சொல்லும். கிளிப்பை மாட்டிய போல்ட் எர்த் ஆகியே இருக்காது. பேட்டரியின் எர்த் கம்பத்திலிருந்து நீள வயர் இழுத்துக்கொள்வதே நல்லது.

போர்ஷே 944-இல் பல்பு லேம்ப்பைக் கம்ப்யூட்டர் வயர்களின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது இழுக்கும் கரன்ட்டில் உள்ளே ஏதாவது கருகலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அங்கே முதல் சந்தேகம் டிஎம்இ ரிலே (எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் கரன்ட் தரும் சுவிட்ச்). அதன் சால்டரில் விரிசல் விழும். சூட்டில் விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். ஆறிய நேரத்தில் எதை வைத்து அளந்தாலும் குறை சொல்லாது. இங்கே மட்டும் நல்ல ரிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே குறுக்கு வழி.

பாயிண்ட் இக்னிஷன் காரில் (திறந்து மூடும் பாயிண்ட்டால் ஸ்பார்க் வரும் பழைய முறை) கிராங்க் செய்யும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால், ஸ்பார்க் காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். கிராங்க் நேரத்தில் காயிலுக்குக் கரன்ட் அதைச் சுற்றிக்கொண்டு போகும், சாவி விட்டபின் அதன் வழியாக. பாயிண்ட் மூடியிருக்க, இக்னிஷன் ஆனில் காயிலின் இக்னிஷன் பக்க டெர்மினலில் லேம்ப்பை வைத்தாலே போதும்; எரியவே இல்லையென்றால் ரெசிஸ்டரோ அதற்கு வரும் வயரோ அறுந்திருக்கிறது.