மகளுக்கு நாலு வருஷச் சிலம்பம்: என்ன மாறியது, என்ன மாறவில்லை

பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: சிலம்பம் சேர்த்தால் பிள்ளை அடங்குமா, ஒரு இடத்தில் உட்கார்ந்து படிக்குமா? என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது சேர்ந்தாள், இப்போது ஐந்தாம் வகுப்பு. நடுவில் அம்மை போட்டபோது நீண்ட விடுப்பு எடுத்தாளே தவிர நிறுத்தவில்லை. இத்தனை நாள் கூட இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பொறுமையும் விடாமுயற்சியும் வரத்தான் செய்கின்றன. ஆனால் அவை எந்த வழியாக உள்ளே வருகின்றன என்பது தெரியாமல் சேர்க்கிறவர்கள் மூன்றாவது மாதமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எங்கள் வீடு மதுரை அனுப்பானடியில். வகுப்பு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு காலி மனையில், வெறும் மண் தரையில் நடக்கிறது. சனி, ஞாயிறு காலை 6 மணி, புதன்கிழமை சாயங்காலம். மாதம் 600 ரூபாய். வாத்தியார் பகலில் வேறு வேலை பார்க்கிறவர். அவரிடம் பல வருஷம் கற்ற கல்லூரிப் பெண் ஒருத்தி சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பெண் பிள்ளைகள் பாதிக்குப் பாதி இருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் சில மாதம் ஒரு கராத்தே வகுப்புக்கு அனுப்பினோம். எது என்று சொல்ல வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், போன பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். வெள்ளை போய் மஞ்சள் வந்ததும் இவள் கேட்டது, “அடுத்த கலர் எப்பம்மா?” என்றுதான். காட்டா, அதாவது அடிகளை ஒரு வரிசையாகச் செய்து காட்டும் பயிற்சி, செய்யும்போது பின்னங்கால் எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதை யாரும் திருத்தவும் இல்லை. கராத்தே மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. என் அக்கா மகன் பழங்காநத்தத்தில் வேறொருவரிடம் கற்கிறான், ஒரே காட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்து இன்றைக்கு அவன் நிற்கிற நிலையே அழகாக இருக்கும். பெல்ட் என்பதே கராத்தேக்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் படிமுறையைப் பார்த்து, கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனகோஷி எடுத்துக்கொண்டார், 1924-ல்தான் தன் மாணவர்களுக்கு முதல் கறுப்பு பெல்ட்டைக் கொடுத்தார். அதனால் பெல்ட் இருக்கிறதா என்பதை விட, பெல்ட் இல்லாத நாளில் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள்.

சிலம்ப வகுப்பில் முதல் ஐந்தாறு மாதம் கையில் கம்பே கிடையாது. காலடி மட்டும். முன்னே ஒரு எட்டு, பின்னே ஒரு எட்டு, பாதத்தைத் திருப்பு, பக்கவாட்டில் நகர், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழு. வாத்தியார் மண்ணில் குச்சியால் கோடு கிழித்து வைப்பார், பாதம் கோட்டை விட்டு விலகக் கூடாது. பார்க்கிற பெரியவர்களுக்கே அலுத்துவிடும். யூடியூபில் கம்பு சுழல்வதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கம்பைத் தொடும் முன்பே போய்விட்டார்கள்.

இவள் விடாமல் தொடர்ந்ததற்கு ஒரு காரணம் என் மாமியார். அவர்களுக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். அவர்களுடைய அப்பா, பங்குனிப் பொங்கலுக்குச் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு வீசியவர். பெண் பிள்ளை என்று இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் பார்த்துப் பார்த்தே எல்லாம் தெரியும். முற்றத்தில் இவள் காலடி போட்டுப் பார்க்கும்போது, கீரை ஆய்ந்துகொண்டே, “இடது கால் செத்துக் கிடக்குது பாரு தங்கம், அதுல பாரம் வையி” என்பார்கள். வீட்டில் ஒருவராவது அந்த அலுப்பான பகுதியைக் கவனித்துப் பேசினால் பிள்ளை தாக்குப்பிடிக்கும். “எப்ப கம்பு தருவாங்க?” என்று நாமே கேட்டுக்கொண்டிருந்தால் தாக்குப்பிடிக்காது.

அப்புறம் கம்பு வந்தது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கம்பு கீழே விழுந்தால் எங்கள் வாத்தியாரிடம் திட்டு இல்லை, தோப்புக்கரணம் இல்லை. கம்பைத் தாண்டக் கூடாது, காலால் தள்ளக் கூடாது. குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, செய்துகொண்டிருந்த வரிசையை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது கிடையாது. அவ்வளவுதான் சட்டம்.

வலது கையில் சுழற்றுவது ஓரளவு சீக்கிரம் வந்துவிட்டது. இடது கைக்கு மாற்றும் இடத்தில்தான் சிக்கல். முகத்துக்கு முன்னால் வந்த கம்பை, மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, சுற்று நிற்காமல் அடுத்த கையில் வாங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். கம்பு அவள் கெண்டைக்காலில் பட்டு விழுந்தது. எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், முதலில் இருந்து. அதே இடத்தில் மறுபடி விழுந்தது. உதடு பிதுங்கியது. வாத்தியார் பக்கத்தில் வந்து, “விழட்டுந்தா. விழுந்தா எடுக்கத் தெரியும்ல? முதல்ல இருந்து வா” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். தேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அது வரவே இல்லை. பல வாரம் கழித்துத்தான் வந்தது, அப்போதும் பெரிய கைதட்டல் எதுவும் கிடையாது.

பிள்ளை தப்புச் செய்யும்போது அதைச் சொல்வதற்கு ஒரு பெரியவர் தேவைப்படவில்லை. கம்பே சொல்லிவிடுகிறது. சுற்று தவறினால் காலில் படும், பிடி தளர்ந்தால் விழும். யார் மேலும் கோபப்பட முடியாது. முதலில் இருந்து ஆரம்பிப்பது அவமானம் என்கிற எண்ணமே நாளடைவில் போய்விட்டது. முன்பெல்லாம் வகுத்தல் கணக்கில் விடை தப்பினால் நோட்டை மூடி எறிந்துவிடுவாள். இப்போது ஒரு முனகலோடு அழித்துவிட்டு மேலே இருந்து போடுகிறாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கம்பைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளையின் நெற்றி உயரம் இருக்க வேண்டும், வளர வளர மாற்ற வேண்டும். மூங்கிலை விடப் பிரம்பு நல்லது. வளைந்து கொடுக்கும், மேலே பட்டால் வலி குறைவு, மூங்கில் மாதிரி சிலாம்பு கையில் ஏறாது. எப்போதாவது எண்ணெய் தடவி வைத்தால் காய்ந்து வெடிக்காது. உள்ளங்கையில் கொப்புளம், முட்டியில் சிராய்ப்பு, விரல் கணுவில் அடி எல்லாம் சகஜம். பிள்ளைகள் நெருக்கமாக நின்று சுழற்றும் வகுப்பென்றால் சேர்க்காதீர்கள். எங்கள் வாத்தியார் இரண்டு கம்பு நீளம் தள்ளி நிற்க வைத்த பிறகுதான் ஆரம்பிப்பார்.

ஒரு கட்டத்தில் “இனிமே போகல” என்றாள். மூன்றாம் வகுப்பு, மழைக்காலம், தோழி ஒருத்தி நின்றுவிட்டாள். கட்டாயப்படுத்தவில்லை, உடனே சரி என்றும் சொல்லவில்லை. பொங்கல் வரை போ, அதற்கப்புறம் நீயே முடிவு செய் என்று இவள் அப்பா சொன்னார். பொங்கல் வந்தபோது இரட்டைக் கம்பு ஆரம்பித்திருந்தார்கள், நிறுத்துகிற பேச்சே எழவில்லை. கெடு வைத்தது உதவியது என்று நினைக்கிறேன். கோபத்தில் இருக்கும் நாளில் எந்தப் பிள்ளையிடமும் முடிவைக் கேட்கக் கூடாது.

கட்டுப்பாடு பற்றி வாத்தியார் அதிகம் பேசுவதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சி கோயிலில் அங்கம் வெட்டிய லீலை நடக்கும் சமயம் மட்டும் பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்வார். வாள் வித்தை கற்றுத்தந்த வயதான ஆசிரியரையே மாணவன் சித்தன் எதிர்த்துக்கொண்டு போட்டிக்குக் கூடம் வைத்ததையும், சொக்கநாதரே அந்தக் கிழவர் வேஷத்தில் வந்து அவனோடு வாள் பிடித்ததையும் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். நம் ஊர்க் கதை, நடக்கிற இடத்தையே போய்ப் பார்க்கலாம் என்பதால் நன்றாகப் பதிகிறது.

போட்டிகள் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். ஒரு மாவட்ட அளவிலான போட்டிக்கு அழைத்துப் போனோம். காலை 8 மணிக்கு வரச் சொன்னார்கள், இவள் பெயரைக் கூப்பிடும்போது மணி 3 தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, நிழல் எதற்கும் ஏற்பாடு இல்லை. அதை நடத்தியவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம்தான். பிள்ளைகளை முதலில் முடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நேரம் அவள் அழாமல், போன் கேட்காமல், தன் முறை வரும்வரை கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசு ஒன்றும் வரவில்லை.

அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது, அந்தப் போட்டிகள் நடந்த நாலு நகரங்களில் மதுரையும் ஒன்று. அதிலிருந்து சான்றிதழுக்காகச் சேர்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது நியாயமான ஆசைதான். ஏழு வயசுப் பிள்ளையிடம் சான்றிதழ் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மாறாதவையும் உண்டு. மார்க் கூடவில்லை, இருந்தபடியேதான் இருக்கிறது. தம்பியோடு சண்டை குறையவில்லை. வகுப்பு இல்லாத நாளில் காலையில் எழுப்புவது இன்றும் பெரும்பாடு. அதாவது, சிலம்பம் வீட்டு ஒழுங்கு எல்லாவற்றையும் சரிசெய்து தராது. வராத ஒன்றை விடாமல் செய்து பார்க்கும் குணத்தைத்தான் தருகிறது, எங்களுக்கு அதுவே நிறைவு.

வகுப்பு தேடுகிறவர்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்க்காமல், சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிள்ளைகளை அரை மணி நேரம் நின்று பாருங்கள். கம்பு விழுந்ததும் அந்தப் பிள்ளை முதலில் யார் முகத்தைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பயந்து வாத்தியாரைப் பார்த்தால் யோசியுங்கள். கோடை விடுமுறையில் பத்து நாள் முகாம் என்று நிறைய போர்டு தொங்கும், மதுரை அக்னி நட்சத்திர வெயிலில் அதற்காக அலைய வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்ததும், வாரம் இரண்டு மூன்று நாள் என்று வழக்கமான வகுப்பில் சேருங்கள். இவள் தம்பிக்கு ஆறு வயசு முடியட்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார், அவனை வரும் ஜூனில்தான் சேர்க்கப்போகிறோம்.