பழைய லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

செவ்வாய்ப்பேட்டையில் கடையைச் சாத்திவிட்டு வீடு வந்து, சாப்பிட்ட பிறகு செஸ் ஆட உட்காரும் என் போன்றவர்களுக்கு அந்த நேரத்தில் எதிரே உட்கார ஆள் கிடைக்காது. கம்ப்யூட்டர்தான் கதி. சில வருடங்களாகப் பயன்படுத்துவது லூகாஸ் செஸ் என்ற செயலி, அதற்குள் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின். எஞ்சின் என்றால் நகர்த்தல்களைக் கணக்கிட்டு ஆடும் புரோகிராம். இரண்டும் இலவசம். நெட் தேவையில்லை; மழைக்காலத்தில் ஏற்காட்டில் மச்சான் வீட்டில் சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்காது.

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டாம். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கம்ப்யூட்டர் டீப் புளூ ஒரு டன்னுக்கு மேல் எடை. இன்று என் பழைய ஐ3 லேப்டாப்பில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் அதைவிடப் பலசாலி. ஃபேன் கத்தினால் எஞ்சினுக்கு பிராசஸரில் ஒரே ஒரு கோர் மட்டும் ஒதுக்குங்கள், போதும்.

ஆனால் எதிராளியாக எனக்கு இது பிடிக்கவில்லை. பலத்தைக் குறைத்து வைத்தால் கொஞ்ச நேரம் உலக சாம்பியன் கணக்காக ஆடிவிட்டு, திடீரென்று ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். மனிதர்கள் அப்படித் தோற்பதில்லை. விளையாட மாயா எஞ்சின் தேவலை. லிசெஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பழக்கியது, 1100 முதல் 1900 வரை ரேட்டிங் (ஆடும் திறனைக் காட்டும் புள்ளி) வாரியாக உண்டு. நம்மவர்கள் செய்கிற தப்பையே அதுவும் செய்யும்.

ஸ்டாக்ஃபிஷுக்கு முழு பலத்தையும் கொடுக்க வேண்டிய இடம் முடிவாட்டம், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டம். யானை, ராணியாக ஒரே கட்டம் பாக்கியுள்ள சிப்பாய், அதன் முன்னால் ராஜா, இவை நம் பக்கம். எதிரே தனி யானை. லூசினா நிலை என்பார்கள். புத்தகத்தில் படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். எஞ்சின் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போதுதான், யானையை முன்கூட்டியே நான்காம் வரிசைக்குக் கொண்டுபோய் ராஜாவுக்கு மறைப்புக் கட்டச் சொல்வது ஏன் என்று விளங்கும். நண்பர்கள் இந்த நிலையில் கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இது கடைசிவரை எதிர்க்கும். பக்கம் மாறி, தனி யானையோடு தற்காக்கும் பிலிடோர் நிலையில் டிரா பிடிக்கவும் பழகலாம். அங்கே ஒரு குறை: டிரா என்று தெரிந்துவிட்டால் பொறி எதுவும் வைக்காமல் யானையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும்.

அப்புறம், யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் காட்டும் அந்த எண்கள். அக்கா மகன் "மாமா, பிளஸ் 0.7, நான்தான் ஜெயிக்கிறேன்" என்பான். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பு முதல், பிளஸ் 1 என்பதை ஒரு சிப்பாய் அதிகம் என்ற கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம பலமுள்ள எஞ்சினோடு ஆடினால் வெல்ல ஐம்பது சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். நாங்கள் ஆடும் ஆட்டத்தில் அந்த 0.7ஐ நம்பி ஒரு தட்டுவடை செட் கூடப் பந்தயம் கட்ட மாட்டேன்.

அதனால் ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறப்பதில்லை. எங்கே தடுமாறினேன், எதை யோசித்தேன் என்று முதலில் நோட்டில் எழுதுகிறேன்; பிறகு அந்த இடங்களை மட்டும் எஞ்சினிடம் காட்டுகிறேன். குகேஷ் கூட 2500 ரேட்டிங்கை எட்டும்வரை எஞ்சின் இல்லாமல்தான் பயிற்சி எடுத்தார். ஓப்பனிங் கற்க இதைத் தேடாதீர்கள்: நகர்த்தலைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

லூகாஸ் செஸ்ஸில் மெனுக்கள் ஏராளம், முதலில் திணறும். விளையாடும் பகுதி, நிலையை அமைத்து ஆடும் பகுதி, இந்த இரண்டை மட்டும் பழகிக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.