பியர் காய்ச்ச புரோப்பேன் பர்னர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பர்னர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது பி.டி.யூ. எண்ணைத்தான், அதாவது எவ்வளவு வெப்பம் தரும் என்ற அளவை, பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மிச்சிகனில் வீட்டுப் பின்புறத்தில் சில வருடமாகக் காய்ச்சிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தீயை நினைத்த அளவுக்குக் குறைக்க முடிகிறதா, காற்றடித்தால் தாக்குப் பிடிக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள்.

ஐந்து காலன், அதாவது 19 லிட்டர் பியர் வேண்டுமென்றால் ஏறக்குறைய 25 லிட்டர் வோர்ட்டை, அதாவது மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றை, கொதிக்க விட வேண்டும். சமையலறை அடுப்பில் அது கொதி வருவதற்குள் பொறுமை போய்விடும். வெளியே பர்னரில் சீக்கிரம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் வால்வை முழுக்கத் திறந்தால் தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி மேலே போய்விடுகிறது, கேஸ்தான் வீண். பாத்திரத்தின் அடியிலேயே தீ நிற்கிற அளவுக்குக் குறைத்தால் சில நிமிடம் கூட ஆகும், டாங்க் நன்றாக உழைக்கும். 20 பவுண்டு டாங்கில் மொத்தமே சுமார் 4,30,000 பி.டி.யூ.தான், மணிக்கு ஒரு லட்சம் பி.டி.யூ. தரும் பர்னரை முழு வேகத்தில் விட்டால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் டாங்க் மாற்றித் தரும் இடங்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பித் தருகிறார்கள், முடிந்தவரை எடை போட்டு நிரப்பும் இடத்துக்குப் போங்கள்.

தீயைக் குறைக்க முடிவது எவ்வளவு முக்கியம் என்பது கொதி வரும் அந்த நேரத்தில் தெரியும். மேலே பழுப்பு நுரை மெத்தையாகத் திரளும், நடுவில் ஒரு இடம் குபுக்கென்று வெடிக்கும், அடுத்த நொடி பால் பொங்குவது போல மொத்தமும் விளிம்புக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கை வால்வில் இருக்க வேண்டும். பர்னர் பக்கத்திலேயே தனி ஊசி வால்வு உள்ளதாக வாங்கினால் இந்த வேலை சுலபம்.

காற்று இன்னொரு தொல்லை. மூடி போட்டுக் கொதிக்க விட முடியாது, குறிப்பாக பில்ஸ்னர் என்ற வெளிர் நிற மால்ட் என்றால் டி.எம்.எஸ். என்ற கந்தகப் பொருள் ஆவியோடு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் வேகவைத்த சோள வாசனை பியரில் தங்கிவிடும். அதனால் தீயைச் சுற்றித் தகரத் தடுப்பு இருக்கும் மாடல்தான் நல்லது. அதற்காக கராஜுக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள், தயவுசெய்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, புரோப்பேன் கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையிலேயே தேங்கும். ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்கிறேன்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்றுத் துளையைத் திறந்து நீலமாக வரும்வரை சரிசெய்யுங்கள். அப்படியும் சரியாகவில்லையா, குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். கேஸில் கலக்கும் வாசனைப் பொருள் சிலந்திகளுக்குப் பிடிக்கும் என்கிறார்கள், எது எப்படியோ, வசந்த காலத்தில் வெளியே எடுத்தால் கூடு இருக்கும். டாங்கைப் படக்கென்று திறந்தாலும் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொண்டு தீ சோப்ளாங்கியாக எரியும், மூடிவிட்டு மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

குளிர்காலத்தில் டாங்கின் வெளியே வெள்ளையாக உறைபனி படரும். திரவ புரோப்பேன் ஆவியாகும்போது டாங்கின் சூட்டை இழுத்துக்கொள்கிறது, அழுத்தம் இறங்குகிறது, பாதி காலியான டாங்க் என்றால் கொதி நின்றே போகும். சூடு காட்டாதீர்கள், நிறைந்த டாங்கை மாற்றுங்கள்.

கால்களில் பெயின்ட் முதல் சில தடவையிலேயே உரிந்து துரு பிடித்துவிட்டது, வார்ப்பிரும்புத் தலை மட்டும் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பால்கனியில் வைக்கிற பொருள் இல்லை இது. 240 வோல்ட் இணைப்பு இருந்தால் பியர் காய்ச்சும் மின்சாரக் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.