விங் இல்லாத பெஜோ 9எக்ஸ்8: 1:43 மாடல் எப்படி?

பிரெஞ்சு கம்பெனி பெஜோவின் 9எக்ஸ்8 பந்தய வண்டிக்கு 1:43 மாடல் (நிஜ வண்டியில் 43-இல் ஒரு பங்கு அளவு) வாங்க நினைப்பவர்கள் முதலில் எந்த உருவத்தை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். 2022-இல் பந்தயத்துக்கு வந்த, பின்னால் விங்கே (காற்றைக் கொண்டு வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கை) இல்லாத வண்டி ஒன்று. 2024-இல் விங் மாட்டிக்கொண்டு வந்த வண்டி இன்னொன்று. நான் வாங்கியது முதல் உருவம்: 93-ஆம் எண், சாம்பல் நிறத்தில் அங்கங்கே எலுமிச்சைப் பச்சை. ரெசின் என்ற வார்ப்புப் பிசினில் செய்தது, கதவு எதுவும் திறக்காது.

நிஜ வண்டி கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம். இது 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அளவு சரியாகவே இருக்கிறது. முன்னும் பின்னும் சிங்கத்தின் நகக்கீறல் போல மூன்று மூன்றாக விளக்குகள் உண்டே, அவற்றைப் பெயின்ட் அடித்து ஒப்பேற்றாமல் தனித்தனியாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் பதித்திருக்கிறார்கள். வலது முன்விளக்கு மட்டும் சற்றே சாய்ந்திருக்கிறது. எண் அச்சிட்ட டெக்காலின் (ஒட்டுப்படத்தின்) ஓரம் சாய்த்துப் பிடித்தால் வெள்ளியாக மினுங்குகிறது. இந்தத் தரத்து மாடலில் அது இருந்திருக்கக் கூடாது.

ஆனால் பின்பக்கத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடுகிறது. 2021-இல் இந்த வண்டியை அறிமுகப்படுத்தியபோது, பின் விங் எங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியைப் பின்புறத்திலேயே எழுதியிருந்தார்கள். மாடலிலும் அந்த வரி இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா!

1992, 1993, 2009 என மூன்று முறை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கம்பெனி பெஜோ. 1993-இல் முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கே. அப்படிப்பட்டவர்கள் திரும்பி வரும்போது யாரும் துணியாத ஒரு வண்டியோடு வந்தார்கள். ஹைப்பர்கார் என்ற பந்தயப் பிரிவின் விதிகள் டவுன்ஃபோர்ஸுக்கும் (வண்டியைத் தரையோடு அழுத்தும் காற்று விசை) காற்றுத் தடைக்கும் வரம்பு வைத்துவிட்டு, அதை எட்டும் வழியைப் பெருமளவு அணிகளிடமே விட்டிருந்தன. மற்றவர்கள் விங்கையும் அடித்தளத்தையும் சேர்த்து நம்பினார்கள். பெஜோ விங்கைத் தூக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் பாயும் காற்றையே நம்பியது. அந்தக் காற்று சொன்னபடி கேட்க வேண்டுமானால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் பந்தயத்தில், குண்டும் குழியுமான அந்தத் தளத்தில், வண்டி என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதோடு கியர் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன.

இங்கேதான் மாடல் மேல் எனக்குப் பெரிய குறை. முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. நிஜ வண்டிக்குக் கணக்குப் போட்டால் நாலு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். தரையை ஒட்டிக் கிடப்பதையே பிழைப்பாகக் கொண்ட வண்டியை இப்படி நிற்கவைத்தால் உருவமே கெட்டுப்போகிறது.

டயரில் ஒரு தப்பும் இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: முன்னும் பின்னும் ஒரே அகலம், 7.2 மில்லிமீட்டர். நிஜத்தில் நான்குமே 31 சென்டிமீட்டர். முன் சக்கரங்களை மின்மோட்டார் இழுக்கும், பின் சக்கரங்களை 2.6 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சின் தள்ளும், நான்கும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் என்பது ஆரம்பத்தில் போட்ட கணக்கு. ஆனால் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகுதான் முன் மோட்டார் வேலை செய்யலாம் என்று விதி கட்டிப்போட்டது. மெதுவான வளைவை விட்டு வெளியே வரும்போது முழுப் பாரமும் பின் டயர் தலையில். பின்னால் 34 சென்டிமீட்டர் டயர் போட்ட போட்டியாளர்கள் அந்த இடத்தில் சுலபமாக விலகிப் போனார்கள். பெஜோ மெதுவாக இருந்ததற்கு விங் இல்லாததுதான் காரணம் என்று பலரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டயருக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

நல்ல நாட்களும் இல்லாமல் இல்லை. 2023 லெ மானில் இரவு மழை வந்து எல்லோரும் தடுமாறியபோது 94-ஆம் எண் வண்டி முன்னிலை பிடித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பிறகு மெனெசஸ் ஓட்டும்போது ஷிகேன் (வேகத்தைக் குறைக்க வைத்த வளைவு) தடுப்பில் மோதியதும் எல்லாம் போயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் டி ரெஸ்டா, யென்சன், வெர்ன் மூவரும் 93-ஆம் எண் வண்டியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். 2024 மார்ச்சில் கத்தார் பந்தயத்தில் அதே எண் வண்டி இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முடியப் போகிற நேரத்தில் எரிபொருள் தீர்ந்தது. விங் இல்லாத உருவம் ஓடிய கடைசிப் பந்தயம் அது. அடுத்த மாதம் இமோலா பந்தயத்துக்கு வந்த வண்டியில் விங் இருந்தது.

இன்னும் முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் விங் இல்லாத உருவம்தான் எனக்குப் பெரிது. எல்லா வண்டியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும் காலத்தில், வேறு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தவர்கள் இவர்கள். அதற்காகவே இந்த மாடலை வாங்கச் சொல்வேன். ஆனால் கடையில் வாங்கினால் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கண் மட்டத்தில் பிடித்து, முன்பக்கம் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பார்த்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதில் வித்தியாசம் இருக்கிறது.

2024 உருவத்தை வாங்குகிறவர்கள் டயரை அளந்து பாருங்கள். நிஜ வண்டியில் முன்னால் 29, பின்னால் 34 சென்டிமீட்டராக மாற்றிவிட்டார்கள். மாடலில் முன் டயர் 6.7, பின் டயர் 7.9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய 7.2 மில்லிமீட்டர் டயரையே அதிலும் மாட்டியிருந்தால் வாங்காதீர்கள்.