பையோட சைடுல ரைபிள் மாட்டுற கேரியர்: பல வருஷம் தூக்கினவன் சொல்றது

சிங்கப்பூர்ல நேஷனல் சர்வீஸ்ல (கட்டாய ராணுவ சேவை) கூட இருந்த நண்பன் ஒருத்தன் போன வாரம் வாட்ஸப்ல கேட்டான், "மாமா கூட நியூசிலாந்துல மான் வேட்டைக்குப் போறேன்டா, ஸ்கோப் வச்ச ரைபிள எப்படித் தூக்கிட்டு நடக்கிறது, நீ பையில மாட்டுவியே அது நல்லாருக்கா, வாங்கவா?"னு. ஆமா இல்லனு ஒரு வரியில சொல்ல முடியல, அந்தச் சாமான நினைச்சாலே ஒரு பக்கம் கும்பிடத் தோணுது ஒரு பக்கம் பத்திக்கிட்டு வருது, அதான் முழுசாவே எழுதிடுறேன்.

ரைபிள் என்னோடது இல்ல. அத்தானோடது, ஒட்டாகோ பக்கம் வானாக்காவுல அவர் வீட்டு இரும்புப் பெட்டியில பூட்டியிருக்கும், நான் போறதுக்கு விசிட்டர் லைசென்ஸ் எடுத்துக்குவேன். சிங்கப்பூர் வரைக்கும் வந்துபோறது அந்தத் துணி கேரியர் மட்டும்தான். .308 போல்ட் ஆக்‌ஷன் (போல்ட்ங்கிற இரும்புத் தண்ட கையால இழுத்துத் தள்ளித் தோட்டா ஏத்துறது), மேல ஸ்கோப், முனையில சைலன்சர் (அங்க அது சட்டப்படி ஓகே), எல்லாம் சேர்த்தா 4 கிலோவுக்கு மேல.

தோள்ல மாட்டுற வார் ஏன் சரிப்படலனு கேட்டா, ஸ்கோப் ஏறினதும் எடை மேல் பக்கம் போயிடுது, ஆனா வார் கோக்குற வளையம் ரெண்டும் அடிப் பக்கம், அதனால நடக்க நடக்க துப்பாக்கி புரண்டு புரண்டு ஸ்கோப் விலாவுல வந்து இடிக்கும், மழைக்கோட்டு போட்டிருந்தா தோள்லேர்ந்து வழுக்கிட்டே இருக்கும், ஒரு கை எப்பவும் வாரப் பிடிச்சிட்டே இருக்கணும். அந்த ஊர் சரளைச் சரிவுல ஒரு கையால நடக்கிறதெல்லாம் நடக்காத காரியம். சில பேர் குழல் கீழ பாக்குற மாதிரி மாட்டுவாங்க, பனியிலயோ சேத்துலயோ உக்காந்தா முனை அடைச்சிக்கும், அடைச்ச குழல்ல சுட்டா குழலே வெடிக்கலாம். எப்படித் தூக்கினாலும் சரி, முனையில ஒரு துண்டு எலக்ட்ரிக் டேப் ஒட்டிக்க, மழையும் குப்பையும் உள்ள போகாது, சுடுறப்ப கழட்டக்கூட வேணாம்.

நம்ம பசங்களுக்குனு ஒரு தனி வியாதி இருக்கு. எஸ்ஏஆர் 21 (நம்ம சிங்கப்பூர் ராணுவ ரைபிள்) தூக்கிப் பழகின கை நேரா மேல் கைப்பிடிக்குத்தான் போகும், அதுல 1.5 மடங்கு ஸ்கோப் கைப்பிடிக்குள்ளயே பதிஞ்சிருக்கு, பிடிச்சித் தூக்கினா ஒண்ணும் ஆகாது. வேட்டை ரைபிள்ல அதே இடத்துல கை வச்சா நீ பிடிக்கிறது ஸ்கோப்போட முதுக. ரெண்டு வளையம், பொடிப் பொடி ஸ்க்ரூ, அவ்வளவுதான் அதத் தாங்கிட்டு இருக்கு. அத்தான் முதல் தடவ நான் தூக்கினதப் பாத்துட்டு "தம்பி, அது கைப்பிடி இல்லப்பா"ன்னார், ரொம்ப அமைதியாத்தான் சொன்னார், ஆனா முகத்தப் பாக்கணுமே.

இப்ப கேரியருக்கு வர்றேன். கீழ ஒரு பை மாதிரி கப், அதுல ரைபிளோட பட் (பின்கட்டை) உக்காரும், மேல ஒரு பட்டை வந்து குழல் பக்கம் கிளிப் மாட்டும், எல்லாம் முதுகுப் பையோட இடுப்புப் பக்கத்துல தொங்கும். மாட்டிட்டு எழுந்தா ரெண்டு கையும் ஃப்ரீ. சத்தியமா சொல்றேன், ரெண்டு கைத்தடி ஊனிக்கிட்டு முழங்கால் தண்ணியில ஆறு கடக்கிறப்ப, கல்லெல்லாம் காலடியில உருளுறப்ப, இதக் கண்டுபிடிச்சவன் நல்லாருக்கணும்னு வாய் தானா சொல்லும். 4 கிலோ தோள்ல தெரியாது, இடுப்புல இறங்கிடும். சுட்ட மான்கறிய மூட்டை கட்டிச் சுமந்துட்டு இறங்குறப்ப இது இல்லாட்டி நான் அழுதிருப்பேன். தார் வேட்டைக்குப் பாறை மேல ஏறுறதுக்கும் இதுதான் (1904ல மவுண்ட் குக் பக்கம் கொண்டு வந்து விட்ட இமயமலை ஆடு, பாக்க நம்ம நீலகிரி வரையாடு சாயல்லயே இருக்கும், முதல்ல பாத்தப்ப எனக்குச் சுட மனசே வரல).

ஆனா ஒரு விஷயம் கடைக்காரன் சொல்ல மாட்டான். குழல் வானத்தப் பாத்துட்டு நிக்குதுனு நீ நிம்மதியா நடப்ப, பீச் மரக் காட்டுக்குள்ள ஒரு கிளைக்குக் கீழ குனியுவ, குனிஞ்ச அடுத்த நொடி குழல் முன்னாடி போறவன் முதுகுக்கு நேரா நிக்கும். உனக்கே தெரியாது, பின்னாடி இருக்கே. அதனால பையில மாட்டுறதா இருந்தா சேம்பர் (தோட்டா உக்காருற அறை) காலினு கண்ணால பாத்து விரலால தொட்டுப் பாத்துட்டு போல்ட்டையே உருவி பாக்கெட்ல போட்டுடு, சேஃப்டி போட்டிருக்குனு நம்பாத. குனியுறத இடுப்புல குனியாம முட்டிய மடக்கிக் குனி. அங்க துப்பாக்கிப் பாதுகாப்புக்கு 7 விதி வச்சிருக்காங்க, முதல் விதியே எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருக்கிறதா நினைச்சு நடத்துங்கிறதுதான், போல்ட் பாக்கெட்ல இருந்தாலும் அத்தான் முன்னாடி நடக்க மாட்டார், என்ன முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி வருவார்! வேலி வந்தா ரைபிளக் கழட்டி, காலி பண்ணி, படுக்க வச்சு கம்பிக்கு அடியில தள்ளிட்டு, முனை பாக்காத பக்கமா ஏறிக் குதி. வண்டியில ஏறுறப்ப மேகஸின்லயும் (தோட்டா அடுக்குற பெட்டி) ஒண்ணும் இருக்கக்கூடாது, அங்க அது சட்டம். மான் பக்கத்துல இருக்குனு தெரிஞ்சதும் கேரியர மறந்துடு, கையில பிடிச்சி நடக்கணும், அப்பவும் சேம்பர் காலிதான், சுடப்போறப்பதான் ஏத்தணும்.

சரி, என் வயித்தெரிச்சல். அந்த மேல் பட்டை. ஸ்கோப்போட உயர டயல் (குறிய மேல கீழ நகத்துறது) மூடி இல்லாத டைப், திருப்பினா டிக் டிக்னு கிளிக் விழும். பட்டை தானா வழுக்கி இறங்கி சரியா அந்த டயல் மேல வந்து உக்காரும், ஒவ்வொரு எட்டுக்கும் பை ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பட்டை டயலத் தேய்க்கும். மேல போய்ச் சேந்து பாத்தா 0ல இருக்க வேண்டிய டயல் 3ல நிக்குது. ஒரு கிளிக் கால் எம்ஓஏ (ஒரு டிகிரிய 60ஆப் பிரிச்சதுல ஒரு பங்குதான் எம்ஓஏ), 100 மீட்டர்ல 7 மில்லிமீட்டர்தான், கேக்க ஒண்ணுமே இல்ல, ஆனா 3னா 3 எம்ஓஏ, 12 கிளிக், 200 மீட்டர்ல ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. நெஞ்சுக்குக் குறி வச்ச குண்டு மேலயோ கீழயோ விலகிப் பட்டா மான் காயத்தோட ஓடி எங்கயோ ராத்திரி பூரா கிடந்து சாகும். சுடுறதுக்கு முன்னாடி டயலப் பாக்குற பழக்கம் இருக்கிறதால தப்பிச்சோம். ஸ்கோப்ப வெளிப்பக்கம் திருப்பி மாட்டினா மட்டாகோரி முள்ளு லென்ஸ் மூடிய இழுத்துட்டுப் போகுது, உள்பக்கம் திருப்பினா பை தேய்க்குது. டேப் சுத்தினா மழையில உரிஞ்சிடுது. கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன், பட்டைய இறுக்கமா கட்டச் சொன்னாங்க. அடேங்கப்பா, தோணவே இல்ல பாரு!

கடைசியா போன மாசம் பட்டையோட தையலே விட்டுப்போச்சு, தேக்கா சென்டர் மாடியில ஒரு தையல்காரர்கிட்ட கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பாத்தார், "வீணை மாட்டுறதா?"ன்னார். வேட்டைத் துப்பாக்கின்னு சொன்னதும் கைய எடுத்துட்டார், துணி மட்டும்தாண்ணே, துப்பாக்கி நியூசிலாந்துல இருக்குன்னு புரிய வைக்கிறதுக்குள்ள போதும்போதும்னு ஆச்சு. அப்புறம் அவரே யோசிச்சு, பட்டை இறங்காம இருக்க ரெண்டு கை அகலம் மேல தள்ளி ஒரு காது (பட்டைய நுழைக்கிற துணி வளையம்) தச்சுக் கொடுத்தார், குழல் பக்கமே நிக்கும், டயலத் தொடாது. 12 வெள்ளி. அத்தனை வருஷமா அத்தனை விலை வாங்கின கம்பெனிக்கு இந்த ஒரு காது தைக்கத் தோணல லா, அதத்தான் என்னால மன்னிக்க முடியல.

அதனால 5க்கு 2தான் போடுவேன். இப்ப பட்டை ஒழுங்கா நிக்குதே, ஆறு கடக்க இதவிட நல்லது இல்லையேனு கேட்டா, ஆமா, இல்லதான், ஏப்ரல் ரோர் சீசனுக்கு (ஆண் மான் ஜோடி தேடிக் கத்துற காலம்) இதத்தான் எடுத்துட்டுப் போறேன், அப்பவும் 2தான். நண்பா, நீ ரெண்டு நாள் மாமா பக்கத்துலயே நடக்கப்போறவன், வார் போதும், அகலமான ரப்பர் வார் வாங்கு, கைய அதுலேர்ந்து எடுக்காத. டயலுக்கு மூடி இருக்கானு மாமாகிட்ட கேட்டுக்க. திரும்பி வர்றப்ப ஜாக்கெட் பாக்கெட், பை ஓரம், பூட்ஸுக்குள்ள எல்லாத்தையும் உதறிப் பாத்துடு, ரேஞ்ச் முடிஞ்சதும் கையில தோட்டாவும் இல்ல காலி உறையும் இல்லன்னு கத்திச் சொல்லுவோமே அந்த மாதிரி, ஞாபகத்துக்குனு ஒரு காலி உறைய எடுத்துட்டு வந்தாக்கூட சாங்கி ஏர்போர்ட்ல அனுமதி எங்கனு கேப்பாங்க.