தானத்துக்குத் தைக்கும் குவில்ட்டில் 'வார்ம் அண்ட் நேச்சுரல்' பேட்டிங்: எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது

குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. வீட்டுக்குத் தைக்கும் குவில்ட்டை எப்படித் துவைப்பது என்று நமக்குத் தெரியும். தானமாகப் போகும் குவில்ட்டின் கதை வேறு. அது ஆஸ்பத்திரிப் படுக்கையிலோ நிவாரண முகாமிலோ ஒரு குழந்தையின் கைக்குப் போகிறது. துவைப்பவர் யார், எவ்வளவு சூட்டில், எந்த மெஷினில் என்பது தைப்பவருக்குத் தெரியப்போவதில்லை. எவ்வளவு அழகான துணியானாலும், நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங், நாலு துவைப்பில் உருண்டு ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டால் அந்தப் போர்வை பயன்படாது. அதனால் பேட்டிங்கை எடைபோடும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது துவைப்புதான். மென்மை, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் கணக்கில் அமெரிக்காவின் வார்ம் கம்பெனி தயாரிக்கும் 'வார்ம் அண்ட் நேச்சுரல்', மெஷினில் குவில்ட் செய்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய பேட்டிங். கையால் தைப்பவர்களுக்கு அதே தெம்போடு சொல்ல முடியாது. காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது.

பருத்திப் பஞ்சை மெல்லிய ஸ்க்ரிம் என்னும் பாலிபுரோப்பிலீன் வலையின் மேல் பரப்பி, ஆயிரக்கணக்கான முள்ளூசிகளால் குத்தி இழைகளை வலைக்குள் இறக்கியிருக்கிறார்கள். பசை, ரெசின் எதுவும் கிடையாது. பஞ்சு நகராமல் பிடித்துக்கொள்வது அந்த வலைதான். ஒரு தையல் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 10 இன்ச் வரை இடைவெளி விடலாம் என்று கம்பெனி சொல்வதும் இதை நம்பித்தான். நம் கருத்து, தானக் குவில்ட்டில் அந்த 10 இன்ச்சை முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சு அங்கே நகராமல் இருக்கலாம். ஆனால் தையல் இல்லாத அகலமான இடத்தில் மேல்துணியும் அடித்துணியும் தனித்தனியே உரசித் தேயும். 4 அல்லது 5 இன்ச்சுக்கு ஒரு கோடு ஓடினால் போர்வைக்கு ஆயுசு கூடும்.

நிறம் வெளிர் சந்தனம். ஆங்காங்கே பருத்தி விதையின் துணுக்குகள் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். மெல்லிய வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்தால் அந்தப் புள்ளிகள் மேலே தெரிய வாய்ப்புண்டு. வெள்ளையும் வெளிர் நீலமும் அதிகமுள்ள குழந்தைக் குவில்ட்டுக்கு, இதே கம்பெனியின் வெளுத்த வகையான 'வார்ம் அண்ட் ஒயிட்'டை வாங்குவது நல்லது.

பேட்டிங்குக்கு மேல் பக்கம், கீழ் பக்கம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஊசி இறங்கிய சின்னச் சின்னக் குழிகளும், மறுபக்கம் ஊசி வெளிவந்த சிறு மொட்டுகளும் தெரியும். குழியுள்ள பக்கம் மேல்துணியைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக வைத்துத் தைத்தால், உங்கள் ஊசி பஞ்சைக் குத்தப்பட்ட திசைக்கு எதிராகத் தள்ளும். அடித்துணியின் தையல் ஓட்டைகளில் பஞ்சு மயிர் எட்டிப் பார்க்கும். அடர் நிறத் துணியில் இது ரொம்பவே கண்ணை உறுத்தும்.

வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். தொட்டில் அளவான கிரிப் பாக்கெட் 45 × 60 இன்ச், பெரிய கட்டில் அளவான குவீன் பாக்கெட் 90 × 108 இன்ச். ஒரே ஒரு போர்வை தைக்கிறவருக்குக் கிரிப் போதும். தொடர்ந்து தைப்பவர்கள் குவீன் வாங்கி, இரண்டு பக்கமும் பாதியாக வெட்டினால் 45 × 54-இல் நான்கு துண்டு கிடைக்கும். குழந்தைப் போர்வைகள் நான்கு ஆயிற்று. துணியும் கைவேலைப் பொருளும் விற்ற ஜோஆன் கடைகள் எல்லாம் 2025-இல் மூடப்பட்ட பிறகு, கூப்பனோடு போய், பெரிய சுருளிலிருந்து வேண்டிய அளவு வெட்டி வாங்கும் வசதி அமெரிக்காவில் பல ஊர்களில் போய்விட்டது. அதனால் பாக்கெட் கணக்கு இப்போது இன்னும் முக்கியம். பாக்கெட்டில் வருவது மடிப்பு விழுந்திருக்கும். முந்தின இரவே பிரித்துக் கட்டிலில் விரித்துப் போட்டால் பெரும்பாலும் தணியும். தணியாத மடிப்பை, ஒரு ஈரத்துணியோடு ட்ரையரில் குறைந்த சூட்டில் பத்து நிமிஷம் சுற்றினால் சரியாகும்.

நான்கில் ஒரு துண்டுக்கு ஏற்ற போர்வை இது. 5 இன்ச் சதுரங்கள் 80. குறுக்கே 8, நெடுக்கே 10. கால் இன்ச் தையலுக்குப் போக ஒவ்வொரு சதுரமும் நாலரை இன்ச் ஆகும். முடிந்த அளவு 36 × 45 இன்ச். 42 இன்ச் அகலத் துணியில் ஒரு பட்டைக்கு 8 சதுரம் வரும். ஆக மேல்துணிக்கு மொத்தம் ஒன்றரை கஜம், அடித்துணிக்கு ஒன்றரை கஜம். ஓரப்பட்டிக்கு இரண்டரை இன்ச் பட்டை ஐந்து, அதற்கு முக்கால் கஜத்தில் பாதி. நாலு பட்டை போதும் என்று தோன்றும், போதாது. சுற்றளவே 162 இன்ச், மூலைமடிப்புக்கும் கடைசி இணைப்புக்கும் இன்னொரு 10 வேண்டும். வரிசைகளை இணைக்கும் முன், ஒரு வரிசையின் தையல்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் தையல்களை வலப்பக்கமும் அயர்ன் செய்யுங்கள். இணைக்கும்போது அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு மூலைகள் தானாகவே பொருந்தும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிணைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான குறைகள் பிறக்கின்றன. அடித்துணியை நாலு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக விட்டு, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். பறை போல விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கி அடிப்பக்கம் முழுக்கக் கொசுவம் விழும். மேலே பேட்டிங், அதற்கு மேலே மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிவிட்டு, 4 இன்ச்சுக்கு ஒன்றாக வளைந்த ஊக்கு குத்துங்கள். இந்த அளவுக்குச் சுமார் 100 ஊக்கு பிடிக்கும். பருத்தி பேட்டிங் துணியை லேசாகப் பற்றிக்கொள்ளும் தன்மையுள்ளது. வழுக்கும் பாலியெஸ்டரோடு ஒப்பிட்டால் இது இங்கே கிடைக்கும் பெரிய வசதி. இன்னும் நெருக்கமாக ஊக்கு குத்தத் தேவையில்லை.

ஊக்கை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். முடிந்ததும் ஒரு காந்தத்தைப் போர்வை முழுக்க ஓட்டிப் பாருங்கள். நோயாளிக் குழந்தைக்குப் போகும் பொருளில் ஒரு குண்டூசி மிஞ்சினாலும் அது மன்னிக்க முடியாத தவறு.

மெஷினில் 90/14 ஊசி, 50 நம்பர் பருத்தி நூல், தையல் நீளம் 3 மி.மீ., மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட். சாதாரண ஃபுட்டில் அடிப்பல் கீழ்த்துணியை மட்டும் இழுக்க, மேல்துணி பின்தங்கி ஊசிக்கு முன்னால் அலை போலக் குவியும். வாக்கிங் ஃபுட் இல்லாதவர்கள் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாகத் தைக்கலாம். ஆனால் மாதம் ஒன்று தைக்கிறவர் அதை வாங்கிவிடுவதே மேல். ஒவ்வொரு இணைப்புத் தையலுக்கும் இரு பக்கமும் கால் இன்ச் தள்ளி ஒரு கோடு. முதலில் நெடுக்குக் கோடுகள் எல்லாம், நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி. அவை முடிந்த பிறகுதான் குறுக்குக் கோடுகள். இரண்டையும் கலந்து தைத்தால், நாலு கோட்டுக்கு நடுவே மிச்சத் துணி சிக்கிக்கொண்டு ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கொப்புளம் நிற்கும். அதைப் பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த பேட்டிங்கில் பஞ்சுத் தூசி கொஞ்சம் உதிரும். ஒவ்வொரு போர்வைக்குப் பிறகும் பாபின் அறையைத் திறந்து பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

ஓரப்பட்டியின் பின்பக்கத்தைக் கையால் எம்மிங் செய்வதுதான் பார்க்க அழகு. ஆனாலும் தானக் குவில்ட்டுக்கு இரு பக்கமும் மெஷின் தையலே போடுங்கள். துவைக்கும்போது முதலில் விட்டுப்போவது ஓரம்தான், அதிலும் மூலைகள்தான்.

இனி, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பது. முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 45 இன்ச் நீளத்தில் ஒன்றேகால் முதல் இரண்டேகால் இன்ச் வரை குறையலாம். தையல் கோடுகளை ஒட்டித் துணி மெல்லச் சுருண்டு, பழகிய போர்வை போல ஆகும். பலருக்கு அதுதான் பிடிக்கும். சில அமைப்புகள் குறைந்தபட்ச அளவு கேட்கும், அங்கே அந்த 2 இன்ச்சைச் சேர்த்து வைத்துத் தைக்க வேண்டும். 1995-இல் தொடங்கிய புராஜெக்ட் லைனஸ், நோயிலும் அதிர்ச்சியிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் போர்வை சேர்க்கும் அமெரிக்க அமைப்பு. கையால் செய்த புதிய, துவைக்கக்கூடிய போர்வைகளைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் ஊர்க் கிளையிடம் அளவைக் கேட்டுவிட்டுத் துணியை வெட்டுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நீங்களே துவையுங்கள். வாசனையில்லாத சோப்பு, தண்ணீரில் இறங்கும் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் தாள் இரண்டு. சிவப்பும் கருநீலமும் வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தப் படி கட்டாயம். உப்பு போட்டால், வினிகர் விட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். ஆலையில் சாயமேற்றிய இன்றைய பருத்தித் துணிக்கு அது உதவாது. சாயம் இறங்கிவிட்டால் ட்ரையரில் போடாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். ஈரமாகவே எடுத்து, சுடுநீரில் சோப்போடு ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். கால் இன்ச்சுக்குக் குறைவாகப் பிடித்த தையல் எங்காவது இருந்தால் இந்தத் துவைப்பிலேயே வாய் திறந்திருக்கும். அதை உங்கள் வீட்டிலேயே தைத்து மூடிவிடலாம்.

கைத்தையல்காரர்களுக்கு இந்த பேட்டிங் ஏன் ஒத்துவராது என்பது இப்போது புரிந்திருக்கும். மெஷின் ஊசிக்கு அந்த வலை ஒரு பொருட்டே இல்லை. கை ஊசிக்கு ஒவ்வொரு குத்திலும் அது தடை. 10-ஆம் நம்பர் பிட்வீன்ஸ் என்னும் குட்டை ஊசியில் நாலைந்து தையலைக் கோர்த்து ஆட்டி எடுக்கும் சுகம் இதில் வராது, கட்டைவிரல்தான் வலிக்கும். சாயங்காலம் மடியில் போட்டு நிதானமாகத் தைப்பதே இன்பம் என்பவர்கள், 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியெஸ்டரும் கலந்த ஹாப்ஸ் ஹேர்லூம் பேட்டிங் பக்கம் போகலாம். அதில் ஸ்க்ரிம் இல்லை, ஊசி வெண்ணெயாக இறங்கும். பதிலுக்கு 4 இன்ச்சுக்குள் ஒரு கோடு கட்டாயம். 8-ஆம் நம்பர் பேர்ல் காட்டன் என்னும் தடித்த முறுக்கு நூலில், கால் இன்ச் நீளத்துக்கு ஓட்டுத் தையல் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், துவைப்பையும் தாங்கும். வார்ம் அண்ட் நேச்சுரல்தான் கையில் இருக்கிறது என்றாலும் இந்தத் தடித்த ஓட்டுத் தையலை மட்டும் கொஞ்சம் பொறுமையோடு போட்டுவிடலாம்.

தடித்த பாலியெஸ்டர் பேட்டிங்கை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. விலை குறைவு, எடை குறைவு, சட்டென்று காயும், சுருங்காது. சதுரம் இணைக்க மட்டும் தெரிந்தவர்கள் பலர் கூடித் தைக்கும் இடத்தில், முடிச்சுப் போட்டு முடிக்க அதுவே தோது. ஆறு இழை எம்பிராய்டரி நூலை மேலிருந்து இறக்கி, கால் இன்ச் தள்ளி மேலே எடுத்து, அதே இடத்தில் இன்னொரு முறை சுற்றி, வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் போட்டு முடியுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்ட முடிச்சு துவைப்பில் அவிழும். மேலே சொன்ன போர்வையில் சதுரங்கள் சந்திக்கும் 63 மூலையிலும் 80 நடுப்புள்ளியிலும் முடிச்சிட்டால், ஒன்றுக்கொன்று மூன்று இன்ச் சொச்சம்தான் இடைவெளி வரும், பாலியெஸ்டருக்கு அது சரியான நெருக்கம். நூல் நுனியை முக்கால் இன்ச்சில் வெட்டுங்கள். பட்டன் வைத்து முடிச்சிடும் வழக்கம் கைக்குழந்தைப் போர்வைக்கு வேண்டவே வேண்டாம், பிய்ந்தால் வாய்க்குள் போகும். அயர்ன் பெட்டியின் முழுச் சூட்டில் பாலியெஸ்டர் உருகித் தகடாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தப் பஞ்சானாலும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்ந்த போர்வை கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் அறிவுரை. சின்னக் குவில்ட்டோடு 'தரையில் விரித்து விளையாட, பெரியவர் பார்வையில்' என்று ஒரு துண்டுச் சீட்டு சேர்த்து அனுப்புங்கள்.

வெட்டி மிஞ்சும் பட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். வார்ம் அண்ட் நேச்சுரலில் இதுவும் ஒரு லாபம், துண்டுகளை நன்றாக இணைத்துத் தைக்கலாம். இரண்டு துண்டின் ஓரத்தையும் ஸ்கேல் வைத்து நேராக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, மெஷினின் மிக அகலமான ஜிக்ஜாக்கில் தைத்துவிடுங்கள். ஏறித் தைத்தால் அந்த இடம் வரம்பு போல மேலே தடிக்கும். தைக்கும்போது இழுத்தால் விளிம்பு அலை அலையாக நெளியும். இணைத்த தையல் போர்வையின் நடுவில் வராமல் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். இணைக்கவும் முடியாத சின்னத் துண்டுகளை இரண்டடுக்காக வைத்து, அடுப்படிக்குச் சூடு பிடிக்கும் துணி தைக்கலாம். மைக்ரோவேவுக்குள் வைக்கும் கிண்ண உறைக்கு மட்டும் இது ஆகாது, உள்ளே பிளாஸ்டிக் வலை இருக்கிறது. அதற்குத் துணி, நூல், பஞ்சு மூன்றுமே முழுப் பருத்தியாக இருக்க வேண்டும்.