மணிக்கட்டு ஸ்பிளின்ட்: இரண்டு வருஷத்துக்கு மேல் போட்ட அனுபவம்

கை மதமதப்புக்கு மருந்துக்கடையில் விற்கிற மணிக்கட்டு ஸ்பிளின்ட் (மணிக்கட்டை வளையாமல் பிடித்து வைக்கிற உறை) கேட்குமா என்று எங்கள் கம்பெனி வேனில் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்கும். ராத்திரி போட்டால் கேட்கும். வேலை செய்கிற விதமும் கொஞ்சம் மாறினால்தான் அது நிலைக்கும்.

எனக்குப் பேரணாம்பட்டுப் பக்கம். ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தயாராகிற அப்பர் செக்‌ஷன், டேபிள் வேலை. வெட்டி வந்த தோல் பீஸின் ஓரத்தில் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, அது காய்ந்ததும் இடது கட்டைவிரலால் ஓரத்தை மடக்கிக்கொண்டே, வலது கையால் சுத்தியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். வளைவு வரும் இடத்தில் தோல் சும்மா மடங்காது. நகத்தால் சின்னச் சின்னச் சுருக்கமாகத் தள்ளித் தள்ளி மடக்கணும். மணிக்கட்டு நாள் முழுக்க வளைந்தேதான் இருக்கும். ஏற்றுமதி ஆர்டர் நெருங்கி டார்கெட் ஏறிய ஒரு சீசனில்தான் எனக்கு ஆரம்பித்தது. வேலை நேரத்தில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி தூங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் விறுவிறுவென்று எரியும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் அடங்கும். படுத்தால் திரும்ப வரும்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) டாக்டர் முதலில் கேட்டது சுண்டுவிரலைப் பற்றி. “அது மரத்துப் போகுதாம்மா?” இல்லை என்றேன். புறங்கை இரண்டையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். நிமிஷம் முடிவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. கார்ப்பல் டனல் என்றார். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புக்கும் தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. கை வளைந்தே இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழி என்பதால் அது தப்பிக்கிறது. சுகர், தைராய்டு இருந்தாலும் இது வரும் என்று இரண்டுக்கும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். நரம்புச் சோதனையும் எடுத்தார்கள்.

சரி, ஸ்பிளின்டுக்கு வருகிறேன். ஒன்று 500 ரூபாய்க்குள்தான் ஆனது. அதைப் பெட்டியோடு பிசியோ தம்பியிடம் எடுத்துப் போனது நல்லதாயிற்று. பிரித்துப் பார்த்ததும் சொன்னார்: “அக்கா, இதை இப்படியே போடாதீங்க. உள்ள இருக்கிற பட்டை மேல வளைஞ்சிருக்கு பாருங்க. உங்களுக்கு நேரா இருக்கணும்.” உள்ளங்கைப் பக்கத்து உறையிலிருந்து அலுமினியப் பட்டையை உருவி, மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி, கிட்டத்தட்ட நேராக்கித் திரும்பச் செருகினார். அடிபட்ட கைக்கும் இதையேதான் விற்கிறார்கள் என்பதால் வளைத்தே வருகிறதாம். நரம்பு நசுங்கியவர்களுக்கு மணிக்கட்டு மேலேயும் போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. வாங்கினால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள். அப்புறம், ஸ்பிளின்ட் உள்ளங்கை ரேகைக்கு முன்னாலேயே முடிய வேண்டும், விரல் முழுசாக மடங்க வேண்டும். பட்டிக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு தளர்த்தி இருந்தால் போதும்.

முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, உதறுவதற்காக எழுந்திருக்காமல் விடிய விடியத் தூங்கினேன். இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். பகல் மதமதப்பு குறைய 6 வாரமாவது ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதற்கு மேலேயும் ஆனது. மெழுகு ஒத்தடமும் கொடுத்தார்கள், அப்போதைக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

வேலூர் வெயிலில் இதைப் போட்டுப் படுப்பது கஷ்டம். கத்திரி வெயிலில் உள்ளே வியர்த்து அரிக்கும். பழைய காட்டன் சாக்ஸின் முனையை வெட்டி, கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை போட்டு, அதன்மேல் ஸ்பிளின்டைக் கட்டினேன், அரிப்பு நின்றது. துவைக்கும்போது பட்டையை உருவிவிட்டு நிழலில் காயப்போட வேண்டும். முதலில் கெடுவது வெல்க்ரோதான். நூலும் முடியும் ஏறிப் பிடிமானம் போய்விடும். பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் டெய்லரிடம் கொடுத்துப் புதுசு தைத்துக்கொள்ளலாம்.

லைனில் சில பெண்கள் இதைப் போட்டுக்கொண்டே சுத்தி பிடிக்கிறார்கள். எனக்கு வேண்டாம் என்று பிசியோவில் சொன்னார்கள், காரணமும் சொன்னார்கள். மணிக்கட்டைக் கட்டிப்போட்டால் அதன் வேலையை முழங்கையும் தோளும் செய்யும். அடுத்த வலி அங்கே ஆரம்பிக்கும். கம்பெனியில் கேட்டால் ஸ்பிரே அடித்துக்கொள் என்பார்கள். ஸ்பிரே என்ன செய்யும்? மடக்குகிற வேலை அப்படியேதானே இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் நூல் வெட்டுகிற டேபிளுக்கு மாற்றிவிடுங்கள் என்று நான் ரொம்ப நாள் கேட்டேன். புதுசாக வந்த லைன் லீடர் பெண்தான் ஒத்துக்கொண்டாள். உட்காரும் ஸ்டூலை உயர்த்தி, டேபிள் முழங்கை மட்டத்துக்கு வரும்படியும் செய்துகொண்டேன். பகல் மதமதப்பு உண்மையில் விட்டது அதற்குப் பிறகுதான்.

பிசியோதெரபி என்றாலே பக்கவாதத்துக்கும் ஆக்சிடென்ட்டுக்கும்தான் என்று நம் பக்கத்திலேயே நினைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1966-இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் வந்த ஊர் இது. அதற்குப் பாடுபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் முதுகெலும்பு அடிபட்ட பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். கையின் அருமை தெரிந்த ஊரில், தோல் வேலை செய்கிற பெண்ணின் கை மரத்தால் மட்டும் தைலம் தேய்த்துக்கொள் என்கிறோம்.

ஸ்பிளின்ட் எல்லோருக்கும் போதாது. கட்டைவிரல் அடியிலிருக்கும் சதை மேடு ஒரு கையில் மட்டும் வற்றித் தெரிந்தால், பட்டன் போட முடியாமல் சாமான் கை நழுவினால், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். என் பக்கத்து டேபிள் அக்காவுக்கு அந்த நிலையில் அறுவைதான் செய்தார்கள். சம்பளம் போய்விடும் என்றுதான் அவர் அத்தனை நாள் தள்ளிப்போட்டார். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது வேலை பார்த்திருந்தால், டாக்டர் சான்றோடு எடுக்கும் லீவுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.